தொழில்சார் பாடங்களில் கற்றல் நோக்கங்களின் மொழித்தெளிவு: தேனி – கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொழில்சார் படிப்புகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் கற்றல் நோக்கங்கள் எழுதப்பட வேண்டும் என்பது இன்று இந்திய உயர்கல்வியில் பொதுவிதியாகிவிட்டது. ஆயினும், எழுதப்படும் நோக்கங்கள் பலவும் யார், எதை, எங்கே, எந்த அளவிற்குச் செய்ய வேண்டும் என்பதைத் தெளிவுறுத்துவதில்லை. இக்குறையை வினைச்சொல் பட்டியல்களால் களைந்துவிடலாம் என்ற நம்பிக்கையை இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. தமிழ் இலக்கணம் கூறும் தன்வினை – பிறவினை வேறுபாடு, தொழிற்பெயரின் இயல்பு, தொல்காப்பியம் சுட்டும் தொழில் முதனிலைகள் எட்டு ஆகியவற்றைச் சோதனைக் கருவிகளாகக் கொண்டு, தேனி மாவட்டத்தின் தோட்டக்கலை, மருத்துவம், பொறியியல், நறுமணப் பயிர் வணிகம் ஆகிய துறைகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் ஆராயப்படுகின்றன. நோக்கத்தின் தெளிவு படிவத்தில் பிறப்பதன்று. வேலை நடைபெறும் களத்திலிருந்தும் அவ்வேலையின் பயனைப் பெறுபவரிடமிருந்தும் பிறப்பது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: கற்றல் நோக்கம், தொழிற்கல்வி, தொழில் முதனிலை, பிறவினை, அளவுகோல், கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே, முல்லைப் பெரியாற்று நீரால் வளம் பெறும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு. நெல், வாழை, தென்னை, திராட்சை ஆகியன இங்குப் பயிராகின்றன. மலைமேல் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு ஏலத்திற்கு வருகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வாறு கைத்திறன் சார்ந்த தொழில்கள் செறிந்த இம்மாவட்டத்தில், பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரியும், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரியும், போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரியும் இயங்குகின்றன. ஆக, தொழிலும் தொழிற்கல்வியும் அருகருகே அமைந்த பகுதி இது.

இவ்வருகாமை ஒரு வினாவை எழுப்புகிறது. ஒரு பாடத்தின் முகப்பில் எழுதப்படும் நோக்கங்களை, அப்பாடம் பேசும் வேலையை நாள்தோறும் செய்பவர் ஒருவர் படித்தால், மாணவர் எதைச் செய்யப் பழகப்போகிறார் என்பது அவருக்கு விளங்குமா? விளங்காதெனில் அந்நோக்கம் யாருக்காக எழுதப்பட்டது? கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்றல் நோக்கங்களை எழுதக் கற்பிக்கும் பயிலரங்குகள் பெரும்பாலும் ஆங்கில வினைச்சொல் பட்டியல் ஒன்றோடு தொடங்குகின்றன. இவ்வணுகுமுறையின் போதாமையை ஆராய்ந்து, தமிழ் மொழியின் இலக்கண மரபு இப்பணிக்கு எவ்வகையில் துணைநிற்கும் என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தாக்கத்தின் வரலாறு

கற்பித்தலின் பயனை மாணவரிடம் நிகழும் மாற்றத்தைக் கொண்டே கூறவேண்டும் என்ற கருத்தை இரால்ஃப் டைலர் 1949இல் வெளியான தம் பாடத்திட்ட நூலில் வலியுறுத்தினார். ஆசிரியர் செய்யவிருப்பதைக் கூறுவது நோக்கமாகாது. பாடத்தலைப்புகளை அடுக்குவதும் நோக்கமாகாது என்பது அவர் கூற்றின் சாரம். 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிநிலைகளாக வகைப்படுத்தினர். 1962இல் இராபர்ட் மேகர், தெளிவான நோக்கம் ஒன்று மூன்று கூறுகளைக் கொண்டிருக்க வேண்டும் என வரையறுத்தார். அவை கண்ணுக்குப் புலனாகும் செயல், அச்செயல் நிகழும் சூழல், ஏற்கத்தக்க அளவுகோல் என்பன. 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் புளூமின் வகைப்பாட்டைத் திருத்தியமைத்தபோது, பெயர்ச்சொற்களாக இருந்த படிநிலைகளை வினைச்சொற்களாக மாற்றினர். வினைச்சொல் பட்டியல்கள் பரவலாயின.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 1950களின் பிற்பகுதியில் புளூம் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளில் பங்கேற்றார். கைத்திறன் கற்றலுக்கு 1970இல் ஐந்து படிநிலைகளை வகுத்த ஆர். எச். தவே இந்தியக் கல்வியாளரே. பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், துல்லியமாகச் செய்தல், பல செயல்களை ஒருங்கிணைத்தல், இயல்பாகிவிடுதல் என அப்படிநிலைகளைத் தமிழில் கூறலாம். தோட்டத்திலோ பட்டறையிலோ வேலை பழகும் எவரும் கடந்துவரும் நிலைகள் இவை. எனினும் தொழில்சார் பாடங்களின் நோக்கங்களை எழுதுவோர் தவேயின் படிநிலைகளை விடப் புளூமின் அறிவுசார் படிநிலைகளையே பெரிதும் நாடுவது வியப்புக்குரியது. கையால் கற்கவேண்டியதை ‘விவரித்தல்’, ‘விளக்குதல்’ என்ற சொற்களால் எழுதும் வழக்கம் இதனால் வலுப்பெறுகிறது.

அண்மைக்காலத்தில் நோக்கங்களை எழுதுவது கட்டாயமாகியுள்ளது. 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பு நாடானதைத் தொடர்ந்து, பொறியியல் கல்வியில் விளைவு அடிப்படையிலான அணுகுமுறை வேரூன்றியது. மருத்துவக் கல்வியில் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் 2019இல் சேர்ந்த மாணவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்தது. பொதுக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு கற்றல் விளைவு அடிப்படையிலான பாடத்திட்டச் சட்டகத்தை முன்வைத்தது. இவ்வாறு நோக்கம் எழுதுதல் ஆசிரியரின் விருப்பத்திலிருந்து நிறுவனத்தின் கடமையாக மாறியது. கடமையான எதுவும் சடங்காகும் இடர் உண்டு. பாடத்தில் ஐந்து அலகுகள் எனில் அலகுக்கு ஒன்றாக ஐந்து விளைவுகள் எனும் வாய்ப்பாடு அச்சடங்கின் அடையாளமாகும். அலகு என்பது பாடப்பொருளின் பிரிவு. விளைவு என்பது மாணவர் பெறும் ஆற்றல். இரண்டும் ஒன்றுக்கொன்று நிகராக அமைய வேண்டிய தேவை இல்லை.

பிறவினையும் தொழிற்பெயரும்

தமிழில் எழுதப்படும் கற்றல் நோக்கங்கள் பெரும்பாலும் இரு வடிவங்களில் அமைகின்றன. முதலாவது, ‘மாணவர்களுக்குக் கவாத்து முறைகளை உணர்த்துதல்’, ‘மண்வகைகளை அறிமுகப்படுத்துதல்’ என்பன போன்றது. இரண்டாவது, ‘கவாத்து முறைகளை அறிதல்’, ‘மண்வகைகளைப் புரிந்துகொள்ளுதல்’ என்பன போன்றது.

முதல் வடிவத்தின் வினைகள் பிறவினைகள். உணர்தல் தன்வினை, உணர்த்துதல் பிறவினை. அறிதல் தன்வினை, அறிவித்தல் பிறவினை. பயிலுதல் தன்வினை, பயிற்றுதல் பிறவினை. பிறவினையில் வினையை நிகழ்த்தத் தூண்டுபவர் ஆசிரியர். ஆதலின் ஆசிரியர் வகுப்பில் உரையாற்றி முடித்தவுடனே அந்நோக்கம் நிறைவேறியதாகிவிடும். மாணவரிடம் எதுவும் நிகழாதபோதும் அத்தொடர் பொய்யாகாது. டைலர் 1949இல் சுட்டிய குறையைத் தமிழ் இலக்கணம் ஒற்றை வேறுபாட்டால் காட்டிவிடுகிறது.

இரண்டாம் வடிவம் தன்வினையாக இருப்பினும் தொழிற்பெயராக நிற்கிறது. தொழிற்பெயர் காலத்தையும் இடத்தையும் எண்ணையும் பாலையும் காட்டாது. தலைப்பிடுவதற்கு ஏற்ற இவ்வடிவம், பொறுப்பை வரையறுப்பதற்கு ஏற்றதன்று. ‘கவாத்து செய்தல்’ என்னும்போது செய்பவர் மாணவரா, பண்ணைத் தொழிலாளரா, ஆசிரியரா என்பது தொடரில் இல்லை. செயல்விளக்கம் பார்த்த மாணவரும், கத்தரியைக் கையில் எடுத்த மாணவரும் இத்தொடரின்கீழ் ஒன்றாகவே எண்ணப்படுவர். ‘மாணவர் கவாத்து செய்வார்’ என வினைமுற்றாக மாற்றியவுடன் செய்பவரும் காலமும் வெளிப்படுகின்றன.

வினைமுற்று மட்டும் போதுமா எனின், போதாது. ‘மாணவர் கவாத்து முறைகளைப் புரிந்துகொள்வார்’ என்பதும் வினைமுற்றே. இதில் செய்பவர் தெரிகிறார், செயல் தெரிவதில்லை. ஒருவர் புரிந்துகொண்டார் என்பதை மற்றவர் எதைக் கண்டு அறிவார் என்ற கேள்விக்குத் தொடர் விடை தரவில்லை. ஆகவே இலக்கணச் சோதனை முதற்படியே. அடுத்த படியில், அவ்வினை உள்ளத்தில் நிகழ்வதா, கையாலோ சொல்லாலோ வெளிப்படுவதா எனப் பார்க்க வேண்டும்.

வினைச்சொல் பட்டியல்கள் இந்த இரண்டாம் படியையே முழுத்தீர்வாகக் காட்டுகின்றன. ‘புரிந்துகொள்’ என்பதை நீக்கி ‘விளக்கு’ என்பதை இட்டால் நோக்கம் தெளிவாகிவிடும் என்பது அவற்றின் உட்கிடை. ஆனால் ‘விளக்குவார்’ என்ற சொல், குறிப்பேட்டில் உள்ளதை ஒப்புவிக்கும் மாணவருக்கும், நோயுற்ற கொடியைப் பார்த்துக் காரணம் கூறும் மாணவருக்கும் ஒருங்கே பொருந்தும். வினைச்சொல் தன்னளவில் படிநிலையை உறுதிசெய்வதில்லை. அதனோடு சேர்ந்துவரும் பிற கூறுகளே உறுதிசெய்கின்றன.

தொழில் முதனிலைகள் எட்டு

அப்பிற கூறுகள் எவை என்பதற்குத் தமிழ் மரபில் தெளிவான பட்டியல் உண்டு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாக வகுக்கிறது. வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறனோடு, யாருக்காக என்பதும் என்ன பயனுக்காக என்பதும் அதில் இடம்பெறுகின்றன. நன்னூல் வினையின் இலக்கணம் கூறும்போது இறுதி இரண்டையும் விடுத்து ஆறாகக் கொள்கிறது. உரைமரபில் இதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டும் குயவரின் வனைதல் தொழிலே என்பது இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பியர் இன்றைய பாடத்திட்டக் கோட்பாட்டை முன்னுணர்ந்தார் எனக் கூறுவது ஆய்வு நெறியாகாது. அவர் பேசுவது வேற்றுமைகளின் இயைபு பற்றி; பயிற்றுமுறை பற்றியன்று. எனினும் ஒரு செயலை முழுமையாகச் சொல்லத் தமிழ்த்தொடர் எவ்வெவற்றை ஏற்கும் என்பதற்கான வரைபடமாக இப்பட்டியல் பயன்படும். மேகரின் மூன்று கூறுகளோடு இதனை ஒப்பிட்டால் இரு உண்மைகள் புலனாகின்றன. மேகர் ‘செயல்’ என்பதில் வினை, செய்பவர், செயப்படுபொருள் அடங்கும். ‘சூழல்’ என்பதில் நிலம், காலம், கருவி அடங்கும். மேகர் தனிக்கூறாகக் கொள்ளாத ‘யாருக்காக’, ‘என்ன பயனுக்காக’ என்பவற்றைத் தொல்காப்பியம் கொண்டுள்ளது. மேகர் கூறும் அளவுகோல் தொல்காப்பியப் பட்டியலில் இல்லை. எனவே எட்டோடு அளவுகோலையும் சேர்த்து ஒன்பது வினாக்களாகக் கொள்வது தொழில்சார் பாடங்களுக்கு ஏற்புடையதாகும்.

இதனைத் திராட்சைக் கவாத்தில் பொருத்திப் பார்க்கலாம். ‘திராட்சைக் கவாத்து முறைகளை மாணவர்களுக்கு உணர்த்துதல்’ என்ற நோக்கம் ஒன்பது வினாக்களில் செயப்படுபொருளைப் பற்றிய வினாவுக்கு மட்டுமே, அதுவும் அரைகுறையாக, விடைதருகிறது. அதனைப் பின்வருமாறு மாற்றியமைக்கலாம்: ‘பயிற்சியின் இறுதியில் மாணவர், பந்தலில் படர்ந்த பன்னீர்த் திராட்சைக் கொடி ஒன்றில், காய்ப்புக்கு உரிய முதிர்ந்த கிளைகளையும் வளர்ச்சிக்கு விடவேண்டிய மெலிந்த கிளைகளையும் பிரித்தறிந்து, அடுத்த பருவத்தில் குலை பிடிக்குமாறு, பாடக்குறிப்பு கூறும் கண் எண்ணிக்கையில் கவாத்துக் கத்தரியால் வெட்டுவார், பத்துக் கிளைகளில் எட்டிலேனும் அவர் முடிவு சரியாக இருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் உரிய காரணத்தைத் தோட்ட உரிமையாளருக்கு அவர் அறிந்த சொற்களில் கூறுவார்.’

தொடர் நீண்டுவிட்டது என்பது உண்மையே. ஆயினும் இதில் ஒவ்வொரு சொல்லும் ஆசிரியரை ஒரு முடிவுக்கு உட்படுத்துகிறது. பந்தல் வேண்டும் எனில் வகுப்பறையில் இது நிறைவேறாது. கத்தரி வேண்டும் எனில் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவிகள் வேண்டும். காரணம் கூறுவது தோட்ட உரிமையாளருக்கு எனில் ஆங்கிலப் பாடநூலின் சொற்கள் மட்டும் உதவா. நோக்கத்தைத் தெளிவாக எழுதுதல் இவ்வகையில் கால அட்டவணையையும் கருவி ஒதுக்கீட்டையும் கேள்விக்கு உட்படுத்தும் செயலாகிறது. தெளிவற்ற நோக்கங்கள் எளிதில் நிலைபெறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அவை எவரிடமும் எதையும் கேட்பதில்லை.

அளவுகோலும் பதமும்

ஒன்பதாம் வினாவாகிய அளவுகோலே எழுதுவதற்குக் கடினமானது. தொழிற்களங்களில் இதற்குரிய சொற்கள் ஏற்கனவே உள்ளன. பதம், பக்குவம், கணக்கு, வாட்டம் முதலிய சொற்கள் செயலோடு அதன் தரத்தையும் சேர்த்தே குறிக்கின்றன. ‘பதம் பார்த்து இறக்கு’ என்னும் கட்டளையில் வினையும் அளவுகோலும் பிரிக்க இயலாதவாறு இணைந்துள்ளன. ஆனால் பதம் என்பது அதை அறிந்தவருக்கு மட்டுமே அளவுகோல். புதிதாகக் கற்பவருக்கு அது மூடிய சொல். அச்சொல்லைத் திறந்து, கண் எதைக் காண்கிறது, கை எதை உணர்கிறது, மூக்கு எதை முகர்கிறது எனப் பிரித்துக் காட்டுவதே ஆசிரியரின் பணி. திராட்சைக் கிளை ‘முதிர்ந்தது’ எனில், பச்சை மாறிப் பழுப்பேறியிருத்தலும் ஏறத்தாழப் பென்சில் கனம் இருத்தலும் அதன் புற அடையாளங்கள். இவற்றை எழுதியவுடன் பதம் என்பது கற்பிக்கத்தக்கதாகிவிடுகிறது.

ஏலக்காய் தரம் பிரித்தல் இதற்கு மற்றொரு சான்று. வணிகத்தில் ஏலக்காயின் தரம் சல்லடைத் துளையின் மில்லிமீட்டர் அளவாலும், ஒரு லிட்டர் கொள்ளளவின் எடையாலும், பச்சை நிறத்தின் செறிவாலும் அறியப்படுகிறது. முதல் இரண்டும் கருவியால் அளக்கத்தக்கவை. நிறம் பயின்ற கண்ணால் முடிவு செய்யப்படுவது. ஒரு பயிற்சியின் நோக்கத்தில் ‘தரம் பிரிப்பார்’ என்று மட்டும் எழுதினால் இவ்விரு வகைத் திறன்களும் கலந்துவிடும். ‘சல்லடையால் பிரித்த ஏலக்காயை நிறத்தால் மூன்று குவியல்களாக்குவார்; அவர் பிரிப்பு, அனுபவமுள்ள தரம்பிரிப்பாளர் முன்கூட்டியே பிரித்து வைத்த மாதிரியோடு ஒத்திருக்கும்’ என எழுதினால், எண்ணால் அளக்க இயலாத திறனுக்கும் நம்பத்தக்க அளவுகோல் கிடைக்கிறது. எண் இல்லாத இடத்தில் மாதிரி அளவுகோலாகலாம் என்பது இதனால் பெறப்படும்.

எல்லா நோக்கங்களுக்கும் ஒரே விழுக்காட்டை விதிக்கும் வழக்கமும் ஆய்வுக்குரியது. கவாத்தில் பத்துக்கு எட்டு என்பது ஏற்கத்தக்கது. இரண்டு கிளைகளில் நேரும் பிழை ஒரு பருவ இழப்போடு நின்றுவிடும். கவாத்துக்குப் பின் மொட்டுகள் ஒரே சீராகத் துளிர்ப்பதற்காகத் திராட்சையில் பயன்படுத்தப்படும் ஹைட்ரஜன் சயனமைடு என்னும் வேதிப்பொருளின் நிலை வேறு. அது தோலையும் கண்ணையும் தாக்குவதோடு, அதைக் கையாள்வதற்குச் சற்று முன்னரோ பின்னரோ மது அருந்தியவருக்குக் கடுமையான உடல்விளைவுகளை உண்டாக்கும். கையுறை, கண்காப்பு, மது விலக்கு ஆகியன பற்றிய நோக்கத்தில் எழுபது விழுக்காடு தேர்ச்சி என்பதற்குப் பொருளே இல்லை. பிழையின் விளைவு யார்மீது விழுகிறது என்பதைப் பொறுத்தே அளவுகோல் அமைய வேண்டும். தொல்காப்பியப் பட்டியலின் ‘யாருக்காக’ என்னும் கூறு இங்கு அணிசெய்யும் சேர்க்கையாக இராது, அளவுகோலை நிர்ணயிக்கும் கூறாக மாறுவது நோக்கத்தக்கது.

மருத்துவப் பாடத்திட்டம் தரும் சான்று

இந்திய மருத்துவக் குழு 2018இல் வெளியிட்ட இளநிலை மருத்துவப் பாடத்திட்டத் தொகுதிகள், நோக்கங்களைத் திறன்களாக எழுதும் முயற்சியில் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு திறனுக்கும் அறிவு, செய்திறன், மனப்பான்மை, தொடர்பாடல் ஆகியவற்றுள் எவ்வகை என்பதும், ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த பிரமிடைத் தழுவி அறிதல், எவ்வாறு என அறிதல், செய்துகாட்டல், தாமே செய்தல் என்பவற்றுள் எந்நிலை என்பதும் குறிக்கப்பட்டன. தாமே செய்தல் என்னும் நிலைக்குச் சான்றளிக்க எத்தனை முறை செய்திருக்க வேண்டும் என்பதற்கும் தனிப்பத்தி ஒதுக்கப்பட்டது. வினைச்சொல்லோடு நில்லாமல் நிலையையும் எண்ணிக்கையையும் கேட்ட வகையில் இது பொறியியல் பாடங்களில் வழங்கும் விளைவுத் தொடர்களைக் காட்டிலும் முன்னேறிய வடிவமாகும்.

ஆயினும் இதிலும் குறைகள் உள. பொதுமருத்துவப் பகுதியில் பாம்புக்கடி பற்றிய திறன் ஒன்று, கடிபட்டவருக்குக் களத்தில் செய்யவேண்டிய சரியான தொடக்கநிலை மேலாண்மையை விவரித்தல், தன்னார்வலர் அல்லது பொம்மையின்மீது செய்துகாட்டல், பிற பணியாளர்களுக்கும் நோயாளிகளுக்கும் கற்பித்தல் ஆகிய மூன்றையும் ஒரே தொடரில் அடக்குகிறது. நெல் வயலும் தோட்டமும் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதியில் இத்திறன் ஏட்டளவில் நிற்கத்தக்கதன்று. மூன்று செயல்களும் மூன்று வேறு தேர்வுகளை வேண்டுவன. நன்கு விவரிக்கும் மாணவர் கட்டுப்போடத் தெரியாதவராக இருக்கலாம். இரண்டையும் அறிந்தவர், வயலில் வேலை செய்பவரிடம் எடுத்துரைக்க இயலாதவராக இருக்கலாம். ஒரே மதிப்பெண்ணில் மூன்றும் கரைந்தால் எது குறைந்தது என்பது மாணவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

‘சரியான’ என்ற அடையும் அளவுகோலாகாது. கடிபட்டவரை அச்சம் தணித்து அமைதிப்படுத்துதல், கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அசையாது பிணைத்தல், இறுக்கிக் கட்டுவதையும் கீறுவதையும் உறிஞ்சுவதையும் தவிர்த்தல், காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் என அதனை விரித்தெழுத வேண்டும். கற்பித்தல் என்னும் கூறைத் தனியே பிரித்து, ‘மாணவர், விவசாயத் தொழிலாளர் ஒருவரிடம் ஐந்து நிமிடத்திற்குள், மருத்துவக் கலைச்சொல் எதுவும் இன்றித் தமிழில் எடுத்துரைப்பார், கேட்டவர் தாம் செய்யவேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் திருப்பிச் சொல்வார்’ என எழுதலாம். இதில் அளவுகோல் மாணவரின் பேச்சில் இல்லை. கேட்டவரின் மறுமொழியில் உள்ளது. தேசிய அளவிலான பாடத்திட்டம் இவ்வளவு விரிவாக எழுத இயலாது என்பது உண்மை. அதனாலேயே தேசியத் திறனை வட்டாரக் களத்திற்கு ஏற்ற நோக்கங்களாகப் பிரித்தெழுதும் பொறுப்பு கல்லூரி ஆசிரியரைச் சார்கிறது. அப்பொறுப்பைச் செய்யாமல் தேசியத் தொடரை அப்படியே பாடத்திட்டத்தில் படியெடுப்பது நோக்கம் எழுதுதல் ஆகாது.

நோக்கமும் தேர்வும்

எழுதிய நோக்கத்திற்கும் வைக்கும் தேர்வுக்கும் இடையிலான பொருத்தத்தை ஜான் பிக்ஸ் 1996இல் வலியுறுத்தினார். மாணவர் படிப்பது பாடத்திட்டத்தின் முகப்பை அன்று, பழைய வினாத்தாள்களை. நோக்கத்தில் ‘வெட்டுவார்’ என்றிருந்து, வினாத்தாளில் ‘கவாத்தின் வகைகளை விளக்குக’ என்றிருந்தால் மெய்யான நோக்கம் வினாத்தாளில் இருப்பதே. பொறியியலிலும் இதே நிலை. ‘பம்புசெட் மோட்டாரின் காப்பு மின்தடையைச் சோதித்தல்’ என்ற நோக்கம், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மெகர் கருவியால் அளந்து, கிடைத்த அளவைக்கொண்டு மோட்டாரை இயக்கலாமா கூடாதா என மாணவர் முடிவுரைக்கும்போதே நிறைவேறும். கருவியின் படம் வரைந்து பாகம் குறிப்பதால் நிறைவேறாது.

வேளாண் கல்வியில் கிராமத் தங்கல் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. 2015இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டூடண்ட் ரெடி திட்டத்தின்கீழ் அது வலுப்பெற்றது. விவசாயியின் நிலமே வகுப்பறையாகும் இப்பயிற்சி, தெளிவான நோக்கங்களுக்கு மிக ஏற்ற களம். அதன் மதிப்பீடு நாட்குறிப்பேட்டின் கனத்தையும் படங்களின் எண்ணிக்கையையும் சார்ந்துவிடுமாயின், களம் இருந்தும் நோக்கம் ஏட்டுக்குத் திரும்பிவிடும்.

மாணவர் சார்பிலும் இதில் ஒரு நீதி அடங்கியுள்ளது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, ஆசிரியர் எதிர்பார்ப்பது என்ன என்பதை ஊகித்துச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. எழுதப்படாத எதிர்பார்ப்புகளால் முதலில் பாதிக்கப்படுபவர் அவரே. மேலும், திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்த மாணவர் ஒருவர் கவாத்தை முன்னரே அறிந்திருக்கக்கூடும். ‘கவாத்து முறைகளை விளக்குதல்’ என்ற நோக்கத்தின்கீழ் அவர் அறிவுக்கு மதிப்பெண் இல்லை. ‘வெட்டுவார், காரணம் கூறுவார்’ என்ற நோக்கத்தின்கீழ் அவர் வகுப்பின் முன்வரிசைக்கு வருகிறார். நோக்கத்தின் மொழி யாருடைய அறிவை அறிவாகக் கொள்வது என்பதையும் முடிவுசெய்கிறது.

மறுப்புகளும் வரம்புகளும்

நோக்கங்களை முன்கூட்டியே துல்லியமாக வரையறுப்பதை எல்லாக் கல்வியாளரும் ஏற்றாரல்லர். எலியட் ஐஸ்னர் 1967இல், கற்றலின் விளைவுகள் பல முன்கணிக்க இயலாதவை என வாதிட்டார். கலைப்பாடங்களில் எதிர்பாராது நிகழ்வதே சிறந்த விளைவாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல், அறிவு சார்ந்த பாடங்களில் நோக்கங்களை முன்வரையறுப்பது அறிவையே குறுக்கிவிடும் என்றார். இம்மறுப்புகள் வலுவுடையன. இலக்கிய வகுப்பில் ஒரு செய்யுளை மாணவர் எவ்வாறு உணர்வார் என்பதை ஒன்பது வினாக்களால் கட்டுவது பொருந்தாது. ஆனால் ஸ்டென்ஹவுஸே பயிற்சி என்பதைக் கல்வியின் பிற கூறுகளிலிருந்து வேறுபடுத்தி, பயிற்சிக்கு நோக்க மாதிரி பொருந்துவதை ஏற்றார். தொழில்சார் பாடத்தில் இரண்டும் கலந்திருப்பதால், எப்பகுதி பயிற்சி, எப்பகுதி சிந்தனை வளர்ச்சி எனப் பிரித்தறிந்து, முன்னதற்குத் துல்லியமான நோக்கமும் பின்னதற்கு நெகிழ்வான நோக்கமும் எழுதுவதே முறை.

இத்துறைகளின் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கத் தமிழ் இலக்கணச் சோதனை எவ்வாறு உதவும் என்ற வினாவும் எழும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. விவசாயிகளுக்கான குறுகியகாலப் பயிற்சிகள் தமிழிலேயே நடைபெறுகின்றன. இவற்றுக்கு இச்சோதனை நேரடியாகப் பொருந்தும். ஏனைய பாடங்களிலும் நோக்கத்தை முதலில் தமிழில் எழுதிப் பார்த்தல் பயன்தரும். ஆங்கிலத்தில் பழகிப்போன தொடர்கள் பொருளற்று நிற்பதை ஆசிரியர் கவனிப்பதில்லை. அவற்றையே தமிழில் வினைமுற்றாக எழுத முயலும்போது, செய்பவர் யார், செய்வது என்ன என்னும் வெற்றிடங்கள் தாமாகவே வெளிப்படும். வெற்றிடங்களை நிரப்பியபின் படிவத்திற்குரிய மொழியில் மாற்றிக்கொள்ளலாம்.

முடிவுரை

இவ்வாய்வின் முடிபுகள் வருமாறு: வினைச்சொல் பட்டியல்கள் கற்றல் நோக்கத்தின் தெளிவுக்குத் தேவையானவை, ஆனால் போதுமானவை அல்ல. பிறவினையைத் தன்வினையாகவும் தொழிற்பெயரை வினைமுற்றாகவும் மாற்றுவது, நோக்கம் ஆசிரியரைப் பற்றியதா மாணவரைப் பற்றியதா என்பதை வெளிப்படுத்தும் முதற்சோதனை. தொழில் முதனிலைகள் எட்டும் அளவுகோலும் சேர்ந்த ஒன்பது வினாக்கள் இரண்டாம் சோதனை. அளவுகோல் எண்ணாகவோ மாதிரியாகவோ அமையலாம். பிழையின் விளைவை ஏற்பவரைக் கருதியே அதன் கடுமை அமைய வேண்டும். தேசியப் பாடத்திட்டத்தின் தொடர்கள் வட்டாரக் களத்திற்கு ஏற்பப் பிரித்தெழுதப்பட வேண்டும்; அவ்வாறு எழுதப்பட்டவை தேர்விலும் அதே வடிவில் கேட்கப்பட வேண்டும்.

ஆசிரியர்களுக்கான பயிலரங்குகள் இனி வினைச்சொல் பட்டியலோடு தொடங்காமல், வேலை நடைபெறும் தோட்டத்திலோ மருத்துவமனை வாயிலிலோ தொடங்குவது நலம். எழுதிய நோக்கத்தை அவ்வேலையைச் செய்பவர் ஒருவரிடம் படித்துக்காட்டி, ‘இதைச் செய்யத் தெரிந்தவரை வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?’ எனக் கேட்பதே அதற்குரிய இறுதித் தேர்வாக அமையும்.